சி மொழி சாதன இயக்கிகளில் அளவுச் சரிபார்ப்பும் முழு எண் வழிதலும்

முழு எண் வழிதல் என்பது, ஒரு கணக்கின் விடை அதை வைப்பதற்கு ஒதுக்கிய பிட்டுகளில் அடங்காமல் போவதாகும். 32 பிட் அகலமுள்ள குறியற்ற முழு எண்ணில் 0 முதல் 4,294,967,295 வரையிலான மதிப்புகள் மட்டுமே அடங்கும். உச்ச மதிப்புடன் ஒன்றைக் கூட்டினால் விடை 0 ஆகிவிடும். பழைய மோட்டார் சைக்கிளின் கிலோமீட்டர் மானி 99999-ஐத் தாண்டியதும் மறுபடி 00000-இல் தொடங்குவதைப் போன்றது இது. சி மொழி இதற்காக நிரலை நிறுத்துவதில்லை, எச்சரிக்கையும் தருவதில்லை. தவறான விடையோடு அடுத்த வரிக்குச் சென்றுவிடும்.

சாதன இயக்கிகளில் இந்தப் பிழை அடிக்கடி நுழையும் இடம், வெளியிலிருந்து வந்த ஓர் அளவை ஏற்கலாமா கூடாதா என்று பார்க்கும் நிபந்தனை வரியாகும். நினைவகத்தின் எல்லையைக் காக்க எழுதிய வரியிலேயே வழிதல் நிகழ்ந்தால், மிகப் பெரிய எண் சிறிய எண்ணாகத் தோன்றி உள்ளே வந்துவிடுகிறது. சரிபார்ப்பு எழுதப்படாமல் விடுபட்டதால் வந்த ஓட்டைகளைப் போலவே, எழுதப்பட்டும் பயன்படாமல் போனதால் வந்த ஓட்டைகளும் பல. அவற்றைத் தடுக்கும் முறைகளை உண்மையில் நடந்த சில பிழைகளின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது. நிரல் வரிகள் புரிதலுக்காகத் தமிழ்ப் பெயர்களுடன் தரப்பட்டுள்ளன.

இயக்கியின் நிலை

சாதன இயக்கி என்பது திரை, வட்டு, யூஎஸ்பி கருவி, வலையமைப்பு அட்டை போன்றவற்றை இயக்குதளத்துடன் இணைக்கும் மென்பொருளாகும். லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் பெரும்பாலான இயக்கிகள் கெர்னலுக்குள்ளேயே, அதன் முழு அதிகாரத்துடன் இயங்குகின்றன. சாதாரணப் பயனர் நிரல் தனக்கு ஒதுக்காத நினைவகத்தைத் தொட்டால் இயக்குதளம் அந்த நிரலை மட்டும் முடித்துவைக்கும். இயக்கி அதே தவறைச் செய்தால் தடுக்க மேலே யாரும் இல்லை. கணினி முழுவதும் நின்றுபோகலாம். அல்லது தவறைத் திட்டமிட்டு வரவழைத்தவர் கெர்னலின் அதிகாரத்தையே பெற்றுவிடலாம்.

பயனர் நிரல்கள் இயக்கியிடம் வேலை சொல்லும் வழிகளில் ஐஓசிடிஎல் அழைப்பும் எம்மேப் அழைப்பும் முக்கியமானவை. அவற்றுடன் "இத்தனை உறுப்புகள்", "இந்த இடத்திலிருந்து", "இவ்வளவு நீளம்" என்னும் எண்கள் வருகின்றன. அந்த எண்களை நிரப்புவது பயனர் நிரல். அது நல்ல நூலகமாகவும் இருக்கலாம், தாக்க வந்தவரின் பத்து வரி நிரலாகவும் இருக்கலாம். வலையமைப்பிலிருந்து வரும் பொட்டலத்தின் தலைப்பில் உள்ள நீளமும், செருகப்பட்ட யூஎஸ்பி கருவி தன்னைப் பற்றிச் சொல்லும் அளவுகளும் இதே வகையைச் சேர்ந்தவை. வன்பொருள் சொல்வதால் அது உண்மையாக இருக்கும் என்று நம்பி எழுதிய இயக்கிகள் பல முறை ஏமாந்திருக்கின்றன.

யூடிஎல் இயக்கியின் ஒரு வரி

டிஸ்ப்ளேலிங்க் நிறுவனத்தின் சில்லுகள் கொண்ட யூஎஸ்பி திரை இணைப்பிகளுக்காக லினக்ஸ் கெர்னலில் யூடிஎல் என்னும் இயக்கி உள்ளது. திரையில் தெரியவேண்டிய படப்புள்ளிகளை ஃபிரேம் பஃபர் எனப்படும் நினைவகப் பகுதியில் அது வைத்திருக்கும். பயனர் நிரல் எம்மேப் அழைப்பின் மூலம் அந்தப் பகுதியைத் தன் முகவரிவெளியில் இணைத்துக்கொண்டு நேரடியாக எழுதலாம். எங்கிருந்து தொடங்க வேண்டும், எவ்வளவு வேண்டும் என்ற இரு எண்களையும் அதுவே தருகிறது. கேட்டது பஃபருக்குள் அடங்குகிறதா என்று இயக்கி இவ்வாறு பார்த்தது:

தொடக்கம் + நீளம் > மொத்தம் எனில் நிராகரி

படித்தவுடன் சரியாகவே தோன்றும். கணித வகுப்பில் இது சரியான நிபந்தனைதான். சி மொழியில் கூட்டலின் விடைக்கும் அகல வரம்பு உண்டு என்பதை மட்டும் இது மறந்துவிட்டது.

எண்களை இட்டுப் பார்ப்போம். எளிமைக்காக 32 பிட் எண்களை எடுத்துக்கொள்வோம். 1920 × 1080 அளவுள்ள திரையில் ஒரு படப்புள்ளிக்கு 2 பைட் என்றால் மொத்தம் 4,147,200 பைட். பயனர் தொடக்கமாக 4,294,963,200-ஐயும் நீளமாக 8192-ஐயும் தருகிறார். உண்மையான கூட்டுத்தொகை 4,294,971,392. இது 32 பிட்டில் அடங்காது. 4,294,967,296 கழிந்து 4096 மட்டும் மிஞ்சும். 4096 என்பது 4,147,200-ஐவிடச் சிறியது. ஆகவே கோரிக்கை ஏற்கப்படுகிறது.

அடுத்து இயக்கி, பஃபரின் தொடக்க முகவரியுடன் பயனர் தந்த தொடக்கத்தைக் கூட்டுகிறது. அங்கும் அதே வழிதல். 4,294,963,200-ஐக் கூட்டுவதும் 4096-ஐக் கழிப்பதும் 32 பிட்டில் ஒன்றுதான். எனவே இணைப்பு பஃபரின் தொடக்கத்திற்கு 4096 பைட் முன்னதாக, கெர்னலின் வேறு ஏதோ தரவு இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. இன்னும் பெரிய நீளத்தையும் அதற்கு ஏற்ற தொடக்கத்தையும் தந்தால் இன்னும் பின்னால் போகலாம். அந்தப் பக்கங்களைப் படிக்கவும் எழுதவும் பயனர் நிரலுக்கு வழி கிடைத்துவிடுகிறது.

செக் பாயிண்ட் நிறுவனத்தின் ஆய்வில் வெளிவந்த இந்தப் பிழை சிவிஇ-2018-8781 என்று பதிவானது. கெர்னலின் 3.4 பதிப்பு முதல் 4.15 வரை இது இருந்தது. 3.4 வெளிவந்தது 2012-இல் என்பதைக் கணக்கிட்டால், ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் எல்லோரும் படிக்கக்கூடிய மூலநிரலில் இந்த வரி கிடந்திருக்கிறது. மேலே 32 பிட் எண்களை எடுத்தது எளிமைக்காக மட்டுமே. 64 பிட் கணினியிலும் 2⁶⁴-ஐ ஒட்டிய தொடக்கத்தைத் தந்து இதையே செய்யலாம். "64 பிட்டில் வழியாது" என்ற பேச்சு, எண்ணைத் தருபவர் நல்லவராக இருக்கும்வரையில்தான் செல்லும்.

திருத்தம் இரண்டு மாற்றங்களைச் செய்தது. எம்மேப் அழைப்பில் தொடக்கம் பக்க எண்ணாக வருகிறது; அதைப் பைட்டாக்க இடப்பக்கம் 12 பிட் நகர்த்துவார்கள். அந்த நகர்த்தலிலேயே மேல்முனைப் பிட்டுகள் உதிர்ந்துபோகலாம் என்பதால், பக்க எண் அதற்கு இடம்தருமா என்று முதலில் பார்த்தது. பின்னர் கூட்டல் நிபந்தனையை நீக்கி இப்படி எழுதியது:

தொடக்கம் > மொத்தம் எனில் நிராகரி; அல்லது நீளம் > மொத்தம் − தொடக்கம் எனில் நிராகரி

இந்த வடிவத்தில் கூட்டலே இல்லை. கழித்தல் உண்டு, ஆனால் தொடக்கம் மொத்தத்தைவிடப் பெரிதல்ல என்று முதல் பகுதி உறுதிசெய்துவிட்டதால் அந்தக் கழித்தல் பூச்சியத்திற்குக் கீழே போக முடியாது. இரு பகுதிகளையும் இடம் மாற்றி எழுதினால் இந்த உறுதி போய்விடும். சி மொழியில் "அல்லது" குறியின் இடப்பக்கம் முதலில் மதிப்பிடப்படும், அது உண்மையானால் வலப்பக்கம் தொடப்படாது என்ற விதியை நம்பித்தான் இந்த வரி நிற்கிறது.

சி மொழியின் விதிகள்

குறியற்ற எண்களில் வழிதல் நிகழ்ந்தால் விடை 2-இன் அடுக்கால் வகுத்த மீதியாக இருக்கும் என்று சி மொழித் தரம் உறுதியாகச் சொல்கிறது. குறியுள்ள எண்களில் அப்படி உறுதி இல்லை. அது வரையறுக்கப்படாத நடத்தை எனப்படும். இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. குறியுள்ள எண் வழியவே வழியாது என்று வைத்துக்கொண்டு நிரலைச் சுருக்கும் உரிமை கம்பைலருக்கு இதனால் கிடைக்கிறது. "கூட்டிப் பார்த்தேன், விடை முன்பைவிடச் சிறியதாக இருக்கிறது, ஆகவே வழிந்துவிட்டது" என்று குறியுள்ள எண்ணை வைத்து எழுதினால், அது ஒருபோதும் நிகழாத நிபந்தனை என்று கருதிக் கம்பைலர் அந்த வரியையே நீக்கிவிடலாம். சுட்டுகளுடன் நீளத்தைக் கூட்டிப் பார்க்கும் சோதனைக்கும் இதே கதி. இவ்வகைச் சோதனைகளை ஜிசிசி கம்பைலர் நீக்கக்கூடும் என்று அமெரிக்காவின் சிஇஆர்டி மையம் 2008-இல் எச்சரிக்கையே வெளியிட்டது. லினக்ஸ் கெர்னல் இதைத் தடுக்கும் கம்பைலர் விருப்பத்துடன் தொகுக்கப்படுகிறது. மற்ற இடங்களில் அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று எண்ணக் கூடாது.

குறியுள்ள எண்ணால் வேறொரு சிக்கலும் உண்டு. நீளத்தைக் குறியுள்ள மாறியில் வாங்கி, "நீளம் > எல்லை எனில் நிராகரி" என்று மட்டும் எழுதினால், −1 அந்தச் சோதனையை எளிதாகத் தாண்டும். பிறகு அதே −1 நகலெடுக்கும் செயற்கூறுக்குக் குறியற்ற எண்ணாகப் போய்ச் சேரும்போது 4,294,967,295 ஆகிவிடும். ஃபிரீபிஎஸ்டி இயக்குதளத்தில் 2002 ஆகஸ்டில் திருத்தப்பட்ட பிழை இத்தகையது. சில சாக்கெட் அழைப்புகளிலும், வெசா திரை இயக்கியின் வண்ணப்பட்டியலைப் படிக்கும் ஐஓசிடிஎல் அழைப்பிலும் எதிர்ம நீளம் கொடுத்துக் கெர்னல் நினைவகத்தின் பெரும்பகுதியைப் படிக்க முடிந்தது. எதிர்மமாக இருக்கப் பொருளில்லாத எதையும் குறியற்ற தரவினத்தில் வைப்பதே இதற்கு எளிய மருந்து.

அகலம் கலப்பதும் தொல்லைதான். 16 பிட் குறியற்ற எண்கள் இரண்டைப் பெருக்கும்போது, வழக்கமான கணினிகளில் சி மொழி அவற்றை முதலில் 32 பிட் குறியுள்ள எண்களாக உயர்த்தும். 65,535 × 65,535 என்பது 4,294,836,225. இது குறியுள்ள 32 பிட்டின் உச்சமான 2,147,483,647-ஐத் தாண்டுகிறது. ஆக, குறியற்ற எண்களை மட்டுமே எழுதியவர் வரையறுக்கப்படாத நடத்தையில் போய் விழுகிறார். விடையை 64 பிட் மாறியில் வைத்தால் போதும் என்பதும் தவறான நம்பிக்கை. அகலம், உயரம் இரண்டும் 32 பிட் மாறிகளாகவும் ஒவ்வொன்றும் 40,000 ஆகவும் இருந்தால், 4 பைட் படப்புள்ளிக்குத் தேவை 6,400,000,000 பைட். பெருக்கல் 32 பிட்டிலேயே நடந்து 2,105,032,704 ஆகச் சுருங்கிய பிறகுதான் அது 64 பிட் மாறிக்குள் வைக்கப்படும். பெருக்கும் முன்பே ஒரு காரணியை 64 பிட்டாக மாற்ற வேண்டும்.

பெருக்கலில் வழிதல்

"எண்ணிக்கை × உறுப்பின் அளவு" என்று நினைவகம் கேட்பது இயக்கிகளில் அன்றாட வேலை. லினக்ஸின் டிஆர்எம் வரைகலைப் பகுதியில், திரையின் எந்தச் செவ்வகங்கள் மாறியிருக்கின்றன என்று பயனர் நிரல் தெரிவிக்கும் ஐஓசிடிஎல் அழைப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு செவ்வகத்திற்கும் நான்கு 16 பிட் எண்கள், அதாவது 8 பைட். எத்தனை செவ்வகங்கள் என்பது பயனர் தரும் 32 பிட் எண். 32 பிட் கணினியில் அவர் 536,870,912 என்று தந்தால் பெருக்கற்பலன் சரியாக 2³², அதாவது 0.

பூச்சியம் பைட் கேட்டால் நினைவக ஒதுக்கீடு தோற்றுப்போகும், பிழை அங்கேயே பிடிபடும் என்று நினைக்கத் தோன்றும். லினக்ஸில் அப்படி நடப்பதில்லை. கேமல்லாக் செயற்கூறு பூச்சியம் பைட் கோரிக்கைக்கு வெற்றுச் சுட்டைத் தராமல் வேறொரு சிறப்புச் சுட்டைத் தருகிறது. "சுட்டு வெற்றா" என்ற வழக்கமான சோதனை அதைப் பிடிக்காது. பயனரிடமிருந்து நகலெடுக்கும் வரியும் அதே பெருக்கலையே செய்வதால் அதுவும் 0 பைட் நகலெடுத்து வெற்றி என்று சொல்லிவிடும். தவறு அதற்குப் பிறகுதான் வெளிப்படும்: செவ்வகங்களைக் கையாளும் செயற்கூறுக்குப் பெருக்கற்பலன் போவதில்லை, 536,870,912 என்ற எண்ணிக்கையே போகிறது. இல்லாத செவ்வகங்களை அது ஒவ்வொன்றாகத் தேடிச் செல்லும்.

இது சிவிஇ-2012-0044, கெர்னலின் 3.1.5 பதிப்பில் திருத்தப்பட்டது. திருத்தம் மிக எளியது: செவ்வகங்களின் எண்ணிக்கை 256-ஐத் தாண்டினால் மறுத்துவிடு. எனக்கு இதுவே மிகச் சிறந்த வகைத் திருத்தமாகத் தோன்றுகிறது. எவ்வளவு பெரிய எண் வழியும் என்று கணக்கிடுவதைவிட, இந்த வேலைக்கு எவ்வளவு பெரிய எண் தேவை என்று கேட்பது எளிது. படிப்பவருக்கும் உடனே விளங்கும். வழிதலே இல்லாவிட்டாலும், யாரோ ஒருவர் கேட்டதற்காக இயக்கி பல நூறு மெகாபைட் ஒதுக்கிக்கொண்டிருக்கும் நிலையையும் அது தடுத்துவிடுகிறது.

பொருளுள்ள உச்சவரம்பு கிடைக்காதபோது வகுத்தல் வடிவம் உதவும்:

எண்ணிக்கை > உச்ச மதிப்பு ÷ உறுப்பின் அளவு எனில் நிராகரி

இன்டெல் வரைகலை இயக்கியில் சிவிஇ-2012-2383 என்று பதிவான பிழை இந்த வடிவத்தில்தான் திருத்தப்பட்டது. பயனர் தந்த எண்ணை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் ஒரு பக்கம் தனியே நிறுத்தி, மறுபக்கம் நமக்குத் தெரிந்த எண்களை வைத்துக் கணக்குப் போடுவதுதான் கழித்தல் வடிவத்திலும் வகுத்தல் வடிவத்திலும் உள்ள பொதுக் கருத்து.

இயக்கிகளுக்கு வெளியேயும் இந்தப் பெருக்கல் பிழை பழையது. 2002 ஜூனில் ஓப்பன்எஸ்எஸ்எச் 3.4 பதிப்பில் திருத்தப்பட்ட ஓட்டையில், பதில்களின் எண்ணிக்கையாக 1,073,741,824 தரப்பட்டால் 4 பைட் சுட்டுகளால் பெருக்கி 0 வந்தது.

வலையமைப்பு வழியே வந்த இரண்டு கூட்டல்கள்

மேலே கண்ட இயக்கிப் பிழைகளைப் பயன்படுத்தத் தாக்குபவர் ஏற்கெனவே அந்தக் கணினியில் ஒரு பயனராக இருக்க வேண்டும். விண்டோஸின் எச்டிடிபி.சிஸ் என்னும் கெர்னல் இயக்கி வலை வேண்டுகோள்களை நேரடியாக வாங்குவதால் அந்தத் தேவையும் இல்லை. ஒரு கோப்பின் குறிப்பிட்ட பைட் வரம்பை மட்டும் கேட்கும் வசதி எச்டிடிபி நெறிமுறையில் உண்டு. வரம்பின் நீளம் "முடிவு − தொடக்கம் + 1". தொடக்கம் 0, முடிவு 18,446,744,073,709,551,615 என்று கேட்டால் விடை 2⁶⁴. 64 பிட்டில் அது 0. மைக்ரோசாப்ட் 2015 ஏப்ரலில் எம்எஸ்15-034 என்ற அறிவிப்பில் இதைத் திருத்தியது. ஒற்றை வேண்டுகோளால் திருத்தப்படாத வலைச் சேவையகங்களை நிறுத்த முடிந்தது.

2020 மார்ச்சில் திருத்தப்பட்ட சிவிஇ-2020-0796, எஸ்எம்பிகோஸ்ட் என்ற பெயரில் பரவலாக அறியப்பட்டது. விண்டோஸ் 10-இன் 1903, 1909 பதிப்புகளில் கோப்புப் பகிர்வைக் கையாளும் எஸ்ஆர்வி2.சிஸ் இயக்கி, சுருக்கப்பட்ட செய்தி ஒன்று வந்தால் அதன் தலைப்பிலிருந்து இரண்டு எண்களைப் படிக்கும்: விரித்தபின் இருக்க வேண்டிய அளவு, சுருக்கப்படாத முன்பகுதியின் நீளம். இரண்டையும் கூட்டி அந்த அளவில் பஃபர் ஒதுக்கும். இரண்டுமே அனுப்பியவர் எழுதிய 32 பிட் எண்கள். கூட்டலும் 32 பிட்டில்தான். கூட்டுத்தொகை சுற்றிக்கொண்டு சிறியதாகிவிட, சிறிய பஃபர் ஒதுக்கப்பட்டு அதன்மேல் பெரிய தரவு விரிந்தது. கணினி 64 பிட்டாக இருந்தது இங்கே எந்த உதவியும் செய்யவில்லை. கணினியின் அகலத்தைவிடக் கணக்கு நடந்த மாறிகளின் அகலமே முக்கியம்.

இவை தவிர, பெரிய பெயரெதுவும் பெறாத இடங்களிலும் கூட்டல் ஒளிந்திருக்கும். நீளத்தை 4096-இன் மடங்காக மேல்நோக்கி முழுமையாக்கும்போது 4095 கூட்டப்படுகிறது. 32 பிட்டில் 4,294,963,200-ஐத் தாண்டிய எந்த நீளமும் இதனால் 0 ஆகும். பொட்டலத்தின் மொத்த நீளத்திலிருந்து தலைப்பின் 12 பைட்டைக் கழிக்கும்போது, பொட்டலமே 10 பைட்டாக இருந்தால் மிகப் பெரிய எண் கிடைக்கும். கழிப்பதற்கு முன் "மொத்த நீளம் 12-க்குக் குறைவா" என்று கேட்காத நிரல்கள் ஏராளம். யூஎஸ்பி விவரிப்பிகளில் ஒவ்வொரு துண்டும் தன் நீளத்தைத் தானே சொல்லும். அந்த நீளத்தைக் கூட்டி அடுத்த துண்டுக்குப் போகும் இயக்கி, நீளம் 0 என்று ஒரு கருவி சொன்னால் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இது வழிதல் அல்ல என்றாலும் அதே சரிபார்ப்பில் பார்க்க வேண்டியது.

தயாராக உள்ள கருவிகள்

ஒவ்வோர் இடத்திலும் கழித்தல், வகுத்தல் வடிவங்களைக் கையால் எழுதினால் எங்காவது ஒரு குறி மாறிவிடும். ஜிசிசி 5 பதிப்பு 2015-இல் கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றுக்கும் வழிதலைக் கண்டறியும் உள்ளமைந்த செயற்கூறுகளைத் தந்தது. கிளாங் கம்பைலரிலும் அவை உண்டு. சி23 தரம் இதே வசதியைச் சிகேடி என்ற முன்னொட்டுடன் மொழியின் நூலகத்திலேயே சேர்த்தது.

லினக்ஸ் கெர்னலில் 2018-இல் ஓவர்ஃப்ளோ என்ற பெயரில் ஒரு தலைப்புக் கோப்பு சேர்ந்தது. ரஸ்மஸ் வில்லெமோஸ் எழுதிய அதில் செக்_ஆட்_ஓவர்ஃப்ளோ, செக்_மல்_ஓவர்ஃப்ளோ போன்றவை உள்ளன. இவை விடையை ஒரு மாறியில் வைத்துவிட்டு, வழிந்ததா என்பதைத் தனியே திருப்பித் தரும். இவற்றில் "உண்மை" என்ற மதிப்பு வந்தால் வழிந்துவிட்டது என்று பொருள். "உண்மை என்றால் வெற்றி" என்று பழகியவர்கள் இங்கே நிபந்தனையைத் தலைகீழாக எழுதிவிடுவதுண்டு.

ஒரு தலைப்பும் அதன் பின்னே பல உறுப்புகளும் கொண்ட கட்டமைப்புக்கு ஸ்ட்ரக்ட்_சைஸ் பயன்படும். பெருக்கலோ கூட்டலோ வழிந்தால் சிறிய எண்ணுக்குச் சுற்றிவராமல் உச்ச மதிப்பிலேயே நின்றுவிடும். அவ்வளவு நினைவகத்தை எந்தக் கணினியும் தராது என்பதால் ஒதுக்கீடு தோற்கும். அந்தத் தோல்வியை வழக்கமான வெற்றுச் சுட்டுச் சோதனை பிடித்துக்கொள்ளும். அணிகளுக்குக் கேமல்லாக்_அர்ரே உண்டு. எண்ணிக்கையையும் உறுப்பின் அளவையும் தனித்தனியே கொடுத்தால் பெருக்கலை அதுவே பத்திரமாகச் செய்யும். 2018-இல் கீஸ் குக், கெர்னல் முழுவதிலும் கையால் பெருக்கி நினைவகம் கேட்ட இடங்களை இந்த வடிவத்திற்கு மாற்றினார்.

விண்டோஸ் இயக்கி எழுதுவோருக்கு என்டிஇன்ட்சேஃப் தலைப்புக் கோப்பு உள்ளது. அதிலுள்ள ஆர்டிஎல்_யூலாங்_ஆட் வகைச் செயற்கூறுகள் வழிந்தால் பிழைக்குறி தரும். மேலே சொன்ன இரு விண்டோஸ் பிழைகளின் திருத்தங்களிலும் இவ்வகைச் செயற்கூறுகளே இடம்பெற்றன.

வழிந்தது தெரிந்தபின் என்ன செய்வது? கோரிக்கையைப் பிழைக்குறியுடன் திருப்பி அனுப்பிவிட வேண்டும். எல்லைக்குள் வெட்டிச் சுருக்கி ஏற்றுக்கொள்வது நல்ல மனதுடன் செய்யப்பட்டாலும், கேட்டவர் ஒன்றை நினைத்திருக்க இயக்கி வேறொன்றைச் செய்யும் நிலையை உண்டாக்கும். அடுத்த பிழை அங்கிருந்து கிளம்பும்.

சரியான வடிவமும் தவறிய ஒரு நிகழ்ச்சி

2015-இல் ஆண்ட்ராய்டின் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஊடக நூலகத்தில் பல முழு எண் பிழைகள் வெளிவந்தன. அது இயக்கி அல்ல. எனினும் அதில் வந்த ஒரு திருத்தத்தின் கதை இங்கே சொல்லத்தக்கது. ஒரு காணொளிக் கோப்பில் ஏற்கெனவே சேர்ந்த அளவுடன் புதிய துண்டின் அளவைக் கூட்டி நினைவகம் ஒதுக்கும் இடத்தில் வழிதல் இருந்தது. திருத்தியவர்கள் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே கழித்தல் வடிவத்தைச் சேர்த்தார்கள்:

உச்ச மதிப்பு − துண்டின் அளவு ≤ ஏற்கெனவே உள்ள அளவு எனில் நிராகரி

உச்ச மதிப்பு 32 பிட். துண்டின் அளவோ 64 பிட் மாறி. துண்டின் அளவு 2³²-ஐத் தாண்டினால் கழித்தல் பூச்சியத்திற்குக் கீழே போய், 64 பிட்டில் சுற்றி மிகப் பெரிய எண்ணாகிவிடும். சோதனை அதை ஏற்றுக்கொள்ளும். பின்னர் 32 பிட் கணினியில் நினைவகம் ஒதுக்கும்போது மேல்முனைப் பிட்டுகள் வெட்டப்பட்டு, சிறிய பஃபரே கிடைக்கும். எக்ஸோடஸ் இன்டெலிஜென்ஸ் நிறுவனத்தினர் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு சிவிஇ-2015-3864 என்ற புதிய எண்ணுடன் மறுபடி திருத்த வேண்டியதாயிற்று. யூடிஎல் திருத்தத்தில் இருந்த முதல் பகுதி, அதாவது கழிக்கப்போகும் எண் தானே எல்லைக்குள் உள்ளதா என்ற கேள்வி, இங்கே இல்லை.

சோதித்த எண்ணும் பயன்படுத்திய எண்ணும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதற்கு வேறொரு பக்கமும் உண்டு. இயக்கி பயனரின் நினைவகத்திலிருந்து நீளத்தைப் படித்துச் சோதித்துவிட்டு, பிறகு அதே கட்டமைப்பை முழுதாக இன்னொரு முறை நகலெடுத்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட நொடியில் பயனரின் மற்றொரு இழை நீளத்தை மாற்றிவிடலாம். ஒரே முறை படித்து, கெர்னலில் உள்ள நகலை மட்டும் சோதித்து, அதையே இறுதிவரை பயன்படுத்துவதே இதற்கு வழி.

சோதனை முறைகள்

சாதாரணப் பயன்பாட்டில் இந்தப் பிழைகள் தலைகாட்டுவதில்லை. எந்தத் திரை நிரலும் 536,870,912 செவ்வகங்களை அனுப்பப் போவதில்லை. ஆகவே அத்தகைய எண்களைச் சோதனையில் நாமே தர வேண்டும்: 0, 1, ஏற்கத்தக்க உச்சமும் அதற்கு அடுத்த எண்ணும், 2³¹ − 1, 2³¹, 2³² − 1, பெருக்கல் உள்ள இடங்களில் 2³²-ஐ உறுப்பின் அளவால் வகுத்த எண்ணும் அதற்கு அடுத்ததும். 32 பிட் கெர்னலுக்காகவும் தொகுத்துச் சோதித்தால் 64 பிட்டில் மறைந்துகிடப்பவை வெளிப்படும்.

கூகுளின் சிஸ்காலர் கருவி கெர்னல் அழைப்புகளுக்கு விதவிதமான மதிப்புகளைத் தானாகவே அனுப்பிப் பார்க்கிறது. கேஏசான் என்னும் நினைவகக் கண்காணிப்புடன் சேர்த்து இயக்கினால், வழிதலுக்குப் பின் நிகழும் எல்லைமீறல் பிடிபடும். யூபிசான் குறியுள்ள எண்களின் வழிதலைக் காட்டும். குறியற்ற எண்கள் சுற்றிவருவது சி மொழியில் முறையான நடத்தை என்பதால் அதைப் பிழையாக அது இயல்பில் எடுத்துக்கொள்வதில்லை. கிளாங் கம்பைலரில் அதற்குத் தனி விருப்பத்தை இயக்க வேண்டும். இக்கட்டுரையில் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை குறியற்ற எண்களில் நிகழ்ந்தவை என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

நிரலை இயக்காமலே மூலநிரலைப் படித்துக் கண்டறியும் முயற்சிகளும் உண்டு. எம்ஐடி ஆய்வாளர் ஷி வாங்கும் உடன் பணியாற்றியவர்களும் 2012-இல் வெளியிட்ட கின்ட் என்ற கருவி, லினக்ஸ் கெர்னலிலும் வேறு இரு மென்பொருள்களிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட முழு எண் பிழைகளைக் கண்டுபிடித்தது. அவற்றை அந்தந்த உருவாக்குநர்கள் ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். 256 செவ்வகங்கள் என்ற வரம்பைக் கெர்னலுக்கு அனுப்பியவரும் அதே ஷி வாங்தான்.